மாரி வெள்ளமும் கரண்ட் கட்டும்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மாரி பிறந்தால் மட்டக்களப்பில் வயரிங் வேலை செய்கிறவனுக்கு நித்திரை குறைவு. ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரைக்கும் வரும் அழைப்புகள் கிட்டத்தட்ட ஒரே கதைதான்: டிரிப் சுவிச் நிற்குதில்லை, மோட்டர் உறுமுது, குழாயில் கை வைத்தால் சுள்ளென்று இழுக்குது. போய்ப் பார்த்தால் வெள்ளம் கெடுத்ததை விட, வெள்ளம் வடிந்த கையோடு அவசரப்பட்டுப் போட்ட சுவிச் கெடுத்ததுதான் கூட. நாலு நாள் காய விட்டிருந்தால் சதக் காசு செலவில்லாமல் போயிருக்கும் பழுது, கடைசியில் ஒரு மோட்டரையே தின்றுவிடும்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசைத் தின்னும் காரணம் கடைசியில் வரும்.

## மழை விட்டுவிட்டது, தண்ணீர் மட்டும் ஏறுகிறது

வளவில் ஒரு தடியை நட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். வீட்டில் ஆகத் தாழ்வாக இருக்கும் சுவர்ப் பிளக்குக்கு இன்னும் எவ்வளவு உயரம் மிச்சம், தண்ணீர் என்ன வேகத்தில் ஏறுகிறது என்று தெரிந்தால் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் ஒழுங்கையில் மட்டும் தேங்குகிறதா? கான் அடைப்பு. மதகின் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மற்றப் பக்கம் பதிவாகவும் தண்ணீர் நின்றால் நடுவில் பொலித்தீனும் ஆற்றுவாழையும் அடைத்திருக்கிறது. மேலே நின்றபடி கொக்கைத்தடியால் இழுத்து எடுங்கள். தண்ணீர் உள்ளே போகும் வாய்ப் பக்கமாக யாரும் இறங்கக் கூடாது, அடைப்பு விடும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும். நாலு வீட்டுப் பொடியன்கள் சேர்ந்தால் முடிகிற வேலை இது. புரட்டாதியிலேயே சிரமதானமாகச் செய்தால் இன்னும் லேசு. மதகே மண் மூடிக் கிடந்தால் பிரதேச சபையின் மண் தோண்டும் பெக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

மதகின் இரு பக்கமும் ஒரே மட்டம், ஊர் முழுக்க ஏறுகிறதா? எங்கோ குளம் நிரம்பி வான் பாய்கிறது, அல்லது வான் கதவைத் திறந்திருக்கிறார்கள். உன்னிச்சைக் குளம் என்றால் வவுணதீவுப் பக்கம், உறுகாமம் என்றால் சித்தாண்டிப் பக்கம், நவகிரி என்றால் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம். அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரம் திறந்தால் நாவிதன்வெளி, சம்மாந்துறை, மாவடிப்பள்ளி என்று இறங்கி வரும். உங்கள் வீட்டில் வெயில் எறிக்கலாம், ஆனால் மேற்கே பெய்த மழை படுவான்கரையை (வாவிக்கு மேற்குக் கரை) கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். இதற்கு மண்வெட்டியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அரிசி, அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் கொப்பி புத்தகம் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

வாவியே நிறைந்து நிற்கிறதா? முகத்துவாரத்தில் மண் மூடியிருந்தால் வாவித் தண்ணீர் கடலுக்குள் விழாமல் எழுவான்கரையின் (வாவிக்குக் கிழக்குக் கரை) பள்ளங்களில் ஏறும். அதை வெட்டுவது இடமும் நேரமும் பார்த்துச் செய்கிற காரியம். ஊராகச் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குச் சொல்லலாம், நாமே மண்வெட்டியோடு கிளம்பக் கூடாது.

படுக்கையில் இருக்கும் பெரியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறிவிடுங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அவரைப் பிடிக்க முடியாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. பாயும் தண்ணீரை டிராக்டரில் கடந்துவிடலாம் என்ற துணிச்சல் வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போன உழவு இயந்திரத்தில் மத்ரஸாப் பிள்ளைகள் இருந்தார்கள்.

## தண்ணீர் வாசற்படியைத் தொடுகிறது

தண்ணீர் உள்ளே வர முன்னர் மெயின் சுவிச்சை இறக்குங்கள். கை, கால் உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு. பிறகு சாமான்களின் பிளக்குகளைக் கழற்றுங்கள். கிணற்று மோட்டரைக் கழற்றி மேசையில் வைக்க முடிந்தால் வையுங்கள். நாலு நட்டுக் கழற்றும் வேலை, மிச்சம் ஆயிரக்கணக்கில்.

மெயின் பெட்டிக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டதா? கிட்டப் போக வேண்டாம். மின்சார சபையின் 1987க்கு எடுத்துக் கம்பத்தில் வைத்துத் துண்டிக்கச் சொல்லுங்கள். கூரையில் சோலார் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மெயினை இறக்கினாலும் பகலில் பனலிலிருந்து இறங்கும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். இன்வேர்டர் சுவரில் தாழ்வாகப் பூட்டியிருந்தால் அதைத் தண்ணீர் தொட முன்னர் பனல் வயரை வெட்டும் டீ.சி. சுவிச்சையும் அணைத்துவிடுங்கள்.

## கரண்ட் இல்லை

ஒழுங்கை முழுக்க இல்லை: யாராவது ஒருவர் மின்சார சபையின் 1987க்குச் சொன்னாரா என்று கேளுங்கள். எல்லோரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடுவதுதான் நம் வழக்கம். பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தை முன்கூட்டியே போனில் பதிந்து வைத்திருந்தால் இருட்டில் பில்லைத் தேடத் தேவையில்லை. கரண்ட் வரும்வரை பிரிட்ஜ், டீவி, மோட்டர் மூன்றையும் கழற்றி வையுங்கள். வந்ததும் பத்து நிமிடம் பல்ப் ஒன்றை மட்டும் எரிய விட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடலாம்.

பக்கத்து வீட்டில் இருக்கிறது, நமக்கு இல்லை: டிரிப் சுவிச் விழுந்திருந்தால் அடுத்த தலைப்பு. விழவில்லை என்றால் வெளியே வந்து கம்பத்திலிருந்து வரும் வயரைக் கண்ணால் மட்டும் பாருங்கள். தென்னோலையோ முருங்கைக் கொப்போ விழுந்து இழுத்திருக்கும். மீற்றர் வரைக்கும் உள்ளது மின்சார சபையின் பொறுப்பு, அதில் நாமும் கை வைப்பதில்லை, வயர்மனும் கை வைப்பதில்லை.

பல்ப் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் மங்கல்: ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். லைனில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்திருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம், வீட்டில் செருகியிருப்பது எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். 1987க்குச் சொல்லிவிட்டு ஒழுங்கை முழுக்கக் கத்திச் சொல்லுங்கள், அதில் கூச்சம் பார்க்கத் தேவையில்லை.

கம்பி அறுந்து கிடக்கிறது: பத்து மீற்றருக்குள் யாரும் போக வேண்டாம், மாடும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தக் கம்பியை நம்பக் கூடாது. கரண்ட் எந்த நிமிடமும் வரலாம், அல்லது யாருடைய வீட்டு ஜெனரேற்றரோ பின்பக்கமாக லைனுக்குள் ஊட்டிக்கொண்டிருக்கலாம்.

## டிரிப் சுவிச் நிற்குதில்லை

ஆக அதிகமாக வரும் அழைப்பு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிரிப் சுவிச் விழுந்தால் எங்கோ கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள். வீடுகளில் பூட்டுவது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும் வகை. "தம்பி, இப்போதைக்கு அதை விட்டு நேரே குடுத்து விடுங்களன்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்து தருகிற ஆளை இரண்டாம் தரம் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

தண்ணீர் பிளக் மட்டத்துக்கு வரவில்லை, மழை ஈரலிப்பு மட்டும்தான் என்றால்:

செருகியிருக்கும் சாமான்களின் பிளக் எல்லாவற்றையும் சுவரிலிருந்து இழுத்து எடுங்கள். சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு டிரிப் சுவிச்சை மேலே தூக்குங்கள்.

- நின்றால், பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் பழுது. அதை இறக்கி வைத்துவிட்டு மற்ற வீட்டைப் பாவிக்கலாம், இரவோடு இரவாக ஆள் தேட வேண்டியதில்லை.
- எல்லாம் ஏறி நின்றுவிட்டால் பழுது சாமானில். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கேற் லைட், கிணற்று மோட்டர், பழைய பிரிட்ஜ் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.
- எல்லாப் பிரேக்கரும் கீழே இருந்தும் விழுகிறதா? பிரேக்கர் லைன் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வெட்டுப்படாமல் இருக்கும். நியூட்ரல் ஈரச் சுவரில் எர்த்தைத் தொட்டாலும் விழும். டிரிப் சுவிச்சே பழுதாகியும் இருக்கலாம். இதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம், வயர்மன் வேலை.

பழுதான வரிசை தெரிந்துவிட்டால் காரணத்தைத் தேடும் ஒழுங்கு இது. முதலில் வெளியே உள்ள பல்ப் ஹோல்டர்: தண்ணீர் நின்றிருக்கும், பிரேக்கரை இறக்கிவிட்டுத் துடைத்துக் காய வைத்தால் சரி. அடுத்தது ஓட்டு ஒழுக்கு: கூரையில் வயர் மூட்டுப் போட்ட பெட்டிக்கு நேர் மேலே ஓடு விலகியிருக்கும், ஓட்டைத் திருத்தாமல் பெட்டியை மாற்றிப் பயனில்லை. அதற்கடுத்தது எறும்பு. வெள்ளத்துக்குத் தப்பி மேட்டுக்கு ஓடி வரும் எறும்புக்கு சுவிச் பெட்டி நல்ல வீடு, கழற்றினால் வெள்ளை வெள்ளையாக முட்டை கொட்டும். கடைசியாக, கிணற்று மோட்டருக்கு மண்ணுக்கடியில் போகும் வயர். நடுவில் எங்கோ யாரோ டேப் சுற்றிப் போட்ட மூட்டு இருக்கும், கோடையில் நின்றது மாரியில் நிற்காது. மூட்டில்லாத புது வயரைக் குழாய்க்குள் இழுப்பது ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு.

பிளக் தண்ணீரில் மூழ்கியது என்றால்:

மேலே சொன்ன பரிசோதனை எதையும் செய்யாதீர்கள். மெயின் இறங்கியபடியே இருக்கட்டும். சுவருக்குள் பதித்த குழாயில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். வெளியே சுவர் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நாட்கணக்கில் ஈரம் இருக்கும். வயர்மன் வந்து கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு தாழ்ந்த பிளக்குகளின் தட்டுக்களைக் கழற்றி, உள்ளே விரல் தடிப்பில் அடைந்திருக்கும் சேற்றை வழித்து, தட்டுப் பூட்டாமல் கதவு யன்னல் திறந்து காற்றாட விட வேண்டும். நாலைந்து நாள். அவசரம் என்றால் மேல்மட்டத்து லைட் வரிசையை மட்டும் பிரித்துத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் முடியும்.

காய வைத்தால் எல்லாம் சரிவரும் என்றும் நினைக்க வேண்டாம். மூழ்கிய டிரிப் சுவிச், பிரேக்கர், பிளக் மூன்றையும் மாற்றத்தான் வேண்டும், உள்ளே கறள் பிடித்தால் தேவையான நேரத்தில் விழாது. வயர் அநேகமாகத் தப்பும். அதை மெகர் (வயரின் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் பார்த்து ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால்தான் கரண்ட் கொடுக்கலாம். மெகர் இல்லாமல் வந்து, டெஸ்டர் பேனாவால் தொட்டுப் பார்த்து "ஓகே" சொல்கிறவரின் பேச்சை நம்பிப் பிள்ளைகளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

திருத்துகிற கையோடு கேட்டு வாங்கிக்கொள்ள ஒன்று உண்டு. பிளக்குகளைப் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே தூக்கிப் பூட்டச் சொல்லுங்கள். 2011 தை வெள்ளத்தின் கறை எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு இருந்தது என்று ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வயரும் மேலிருந்து இறங்கி வர வேண்டும், நிலத்தோடு போகக் கூடாது.

## குழாயில், சுவரில், பிரிட்ஜில் ஷொக்

லேசாகச் சுள்ளென்றாலும் மெயினை இறக்குங்கள். இதில் "முதலில் இதைப் பாருங்கள்" என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எர்த் கம்பி அறுந்திருக்கலாம், டிரிப் சுவிச் செத்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நேரே வயர்மன். ஷொக் அடித்து ஒட்டிக்கொண்டவரைக் கையால் இழுக்காமல் மெயினை இறக்கிவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். இந்த நிலை வராமலிருக்க டிரிப் சுவிச்சில் உள்ள T (டெஸ்ட்) பொத்தானை மாதத்துக்கு ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் மாரிக்கு முன்னர் மாற்றுங்கள்.

## கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் இல்லை

பழுது இல்லை. சபை லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் சாகாமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கட் நேரத்திலும் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்டரும் தனியாக வேண்டும், செலவு கூடிய காரியம். இரண்டு பல்புக்கும் போனுக்கும் சின்னப் பனல், சின்னப் பற்றரி போதும்.

ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தால், இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் சுவர்ப் பிளக்குக்குள் ஊட்டாதீர்கள். லைனை வெட்டிவிட்டு ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிச் இல்லாவிட்டால் தேவையான சாமானை நேரே ஜெனரேற்றரில் செருகுங்கள். வீட்டுக்கு வெளியே, யன்னலிலிருந்து ஆறு மீற்றருக்கு அப்பால் வையுங்கள். மழைக்கு நனையுது என்று விறாந்தைக்குள் இழுத்து வைத்து, புகையில் நித்திரையிலேயே போன குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு.

## மோட்டர் உறுமுது, சுற்றுதில்லை

உடனே அணையுங்கள், உறுமுகிற ஒவ்வொரு விநாடியும் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) சூடேறுகிறது.

மோட்டர் தண்ணீரில் கிடந்ததா? போட்டுப் பார்க்கவே வேண்டாம். சேறு காய முன்னர் நல்ல தண்ணீரால் கழுவி, வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் கழற்றிச் சூட்டில் காய வைத்து பெயாரிங் மாற்றித் தருவார்கள். ஒரு தரம் சுவிச் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனால் புது வைண்டிங் விலை கொடுக்க வேண்டி வரும்.

கிடக்கவில்லை என்றால், முதலில் பல்ப் மங்கலா என்று பாருங்கள். வோல்ட் குறைவாக இருந்தால் மோட்டர் கிளம்பாது, விடியப்புறம் போட்டுப் பார்க்கலாம். வோல்ட் சரி என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்து விசிறியைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் கறளோ மணலோ, மெதுவாக அசைத்து விட்டால் பலதும் விட்டுவிடும். லேசாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால், மோட்டரைக் கிளப்பிவிடும் கெப்பாசிற்றர் பழுது. விலை பெரிதில்லை, ஆனால் அதில் கரண்ட் தங்கி நிற்கும், பழக்கமில்லாதவர் கழற்றக் கூடாது. கருகின மணம் வந்தால் வைண்டிங் கடைதான்.

சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் பம்பின் மேல் வாயால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், பிறகு குழாயின் அடி நுனியில் உள்ள புட்-வால்வில் குப்பை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் இருக்கும்.

## கிணற்றுத் தண்ணீர் கலங்கல், அல்லது தெளிவு ஆனால் மணம்

வெள்ளம் கட்டுக்கு மேலால் போயிருந்தால், தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் துணியால் வடித்து, பொங்கிக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

வடிந்த அன்றே மோட்டரைப் போட்டு ஒட்ட இறைத்துவிட வேண்டும் என்று துடிக்கிறவர்கள் அதிகம். சுற்றியுள்ள மண் நீர் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வளையம் விலகும், இடிந்தும் விழும், இறைத்த அழுக்கே திரும்ப ஊறும். வளவுத் தண்ணீர் வற்றும்வரை பொறுங்கள். பிறகு குப்பையை அள்ளி, மெதுவாக இறைத்து, வளையத்தைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை விட்டு, மணம் குறையும்வரை இறைக்க வேண்டும். குளோரின் தூள் பழசானால் வீரியம் குறையும், ஆகவே அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அவர் கேட்கப்போவது எத்தனை கன மீற்றர் தண்ணீர் என்று: கிணற்றின் குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள், எல்லாம் மீற்றரில்.

எண்ணெயில் ஓடும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்குவதோ, அது ஓடும்போது ஆள் இறங்குவதோ கூடவே கூடாது. புகை அடியில் தங்கி ஆளைக் கொல்லும்.

உப்புக் கரித்தால் வேறு கதை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணல் நிலத்தில் கூட இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர்தான் மேலே வருகிறது. உப்பைக் கழுவியது அடுத்த மாரி மழை. உப்புக் கிணற்றை விட்டுவிட்டு, குடிக்க பவுசர் தண்ணீர் கேளுங்கள்.

## டொய்லட் இறங்குதில்லை

குழி நிலத்தடி நீரால் நிறைந்திருக்கிறது. வளவில் தண்ணீர் நிற்கும்வரை அதற்கு மருந்தில்லை. டொய்லட் கோப்பையின் வாயில் மண் மூடை வைத்து அடைத்துவிட்டு மேட்டிலுள்ள வீட்டைப் பாவியுங்கள். இந்த நேரத்தில் பவுசர் கூப்பிட்டுக் குழியை உறிஞ்சினால் வெறுங்குழியை மண் அமுக்கி உடைக்கும், தாங்கி மேலே மிதந்தும் வரும். வற்றி ஒரு கிழமையாகியும் இறங்காவிட்டால் அப்போது கூப்பிடலாம். சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் பனடோலோடு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

## போனில் சார்ஜும் இல்லை, சிக்னலும் இல்லை

கோபுரத்துப் பற்றரியும் சில மணி நேரத்தில் முடியும். அதனால் போனை மட்டும் நம்பிய ஊர் இரண்டாம் நாள் செவிடாகிவிடும். ஒழுங்கைக்கு ஒரு பற்றரி ரேடியோ வேண்டும். ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் போன் ஏற்றலாம். கோயிலிலோ பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ ஜெனரேற்றர் இருந்தால் சார்ஜ் நேரம் குறித்து, இன்சுலின் வைத்திருப்பவருக்கும் நெபுலைசர் பாவிப்பவருக்கும் முதலிடம் என்று மாரிக்கு முன்னரே பேசி வைக்க வேண்டும். யார் வீட்டில் யார் இருக்கிறார் என்பதைப் போனில் வைக்காமல் தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி இரண்டு பேர் வைத்திருங்கள்.

## வயர்மனை அழைக்கும்போது

வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்கு வரிசையில் வீடுகள் நிற்கும். "கரண்ட் இல்ல, கெதியா வாங்க" என்றால் எதைக் கொண்டுவருவது என்று தெரியாது. தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது, மெயின் பெட்டியைத் தொட்டதா, வடிந்து எத்தனை நாள், மெயின் இப்போது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, எந்தப் பிரேக்கரில் விழுகிறது என்று சொல்லுங்கள். வெள்ளக் கோடும் மெயின் பெட்டியும் தெரிய ஒரு படம் அனுப்பினால் இன்னும் நல்லது. பெட்டியைத் திறக்காமலே எடுங்கள்.